ரத்த வாந்தி வரும்வரை காத்திருக்காதீர்கள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் கல்லீரல் சுருக்கத்தோடு (சிரோசிஸ்) என்னிடம் வருபவர்களில் பலர் ரத்த வாந்தி எடுத்த பிறகுதான் வருகிறார்கள். "காலையில கூட நல்லாத்தான் டீ குடிச்சார் டாக்டர்" என்று மனைவி அழுவார். அவர் சொல்வது உண்மைதான், ஏனென்றால் உணவுக்குழாயில் புடைத்திருக்கும் சிரை என்ற ரத்தக்குழாய் வெடிக்கிற நிமிடம்வரை வலிக்காது, எரியாது, எதையும் காட்டிக்கொடுக்காது.

குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலுக்குள் போய்த்தான் இதயத்துக்குத் திரும்ப வேண்டும். கல்லீரல் தழும்பேறி இறுகிவிட்டால், பர்லியாரில் மண் சரிந்ததும் வண்டியெல்லாம் கோத்தகிரி வழியாகத் திரும்புகிற மாதிரி, ரத்தம் உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் இருக்கும் மெல்லிய சிரைகளுக்குள் திரும்புகிறது. அவை அந்த அழுத்தத்தைத் தாங்காமல் வீங்குகின்றன. குடிப்பவர்களுக்கு மட்டும் வருவதில்லை. ஹெபடைடிஸ் பி, சி, சர்க்கரையோடு சேர்ந்த கொழுப்புக் கல்லீரல் எல்லாம் இங்கேதான் கொண்டுவந்து விடும்.

அதனால் சிரோசிஸ் என்று தெரிந்தவுடனே எண்டோஸ்கோபி, அதாவது வாய் வழியாகக் குழாய் விட்டுச் சிரைகளைப் பார்க்கும் சோதனை பற்றிக் கேளுங்கள். ரத்தத்தில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 1.5 லட்சத்துக்கு மேலும், கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று காட்டும் ஃபைப்ரோஸ்கேன் அளவு 20-க்குக் கீழும் இருந்தால் பெரும்பாலும் தள்ளிப்போடலாம். மற்றவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

சிரை வீங்கியிருந்தால் கார்வெடிலோல் அல்லது ப்ரோப்ரனலால் கொடுப்போம். இங்கேதான் எனக்குப் பெரிய கவலை. மெடிக்கல் ஷாப்பில் யாராவது "இது பிரஷர் மாத்திரை" என்று சொல்லிவிடுவார்கள், "எனக்குத்தான் பிரஷரே இல்லையே" என்று நிறுத்திவிடுவார்கள். அது உங்கள் கைப் பிரஷருக்கு இல்லை, கல்லீரலுக்குப் போகும் நாளத்தின் அழுத்தத்தைக் குறைக்க. ஆஸ்துமா இருந்தாலோ, பிரஷரின் மேல் அளவு 90-க்குக் கீழே இறங்கினாலோ டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மாத்திரை ஒத்துவராதவர்களுக்கு பேண்டிங், அதாவது எண்டோஸ்கோபி வழியாகவே சிரையில் சின்ன ரப்பர் வளையம் மாட்டுவது. ஒரு தடவையில் முடியாது. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, சிரை மறையும்வரை போக வேண்டும். ஒருநாள் கூலி போகுமே என்று இரண்டாவது தடவை வராதவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, ஆனாலும் வாருங்கள்.

கொழுந்து பறித்து இடுப்பு வலித்தால் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். பாராசிட்டமால் டாக்டர் சொன்ன அளவில், நாளைக்கு 2 கிராமுக்குள்.

மலம் தார் மாதிரி கருப்பாக, பிசுபிசுவென்று போனால் உடம்புச் சூடு என்று மோர் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் கருக்கும், சரி, ஆனால் அதை முடிவு செய்வது நாங்களாக இருக்கட்டும். ரத்த வாந்தி என்றால் வாயில் எதுவும் கொடுக்காமல் இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். ஊட்டியிலிருந்து கோயம்புத்தூர் 80 கிலோமீட்டருக்கு மேல். ராத்திரி மூடுபனியில் நேராக ஜீப் பிடித்து இறங்காமல், முதலில் பக்கத்து ஆஸ்பத்திரியில் ட்ரிப், சிரையின் அழுத்தத்தைக் குறைக்கும் டெர்லிபிரெசின் அல்லது ஆக்ட்ரியோடைட் மருந்து, ஆன்டிபயாடிக் ஊசி எல்லாம் ஆரம்பித்துவிட்டுக் கிளம்புங்கள். 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபி நடக்க வேண்டும்.

அப்புறம், "இவ்வளவு ரத்தம் போச்சு, ஏன் இன்னும் ஏத்தல?" என்று உறவினர்கள் கோபப்படுவார்கள். ஹீமோகுளோபின் 7, 8 வந்தாலே பொதுவாகப் போதும். அதற்கு மேல் ஏற்றினால் சிரையில் அழுத்தம் கூடி, நின்ற ரத்தம் மறுபடி பீறிடும்.