சரியாகச் சொன்னால் போதாதா?

பொறியாளர்களுக்கு வகுப்பெடுக்கும்போது, "மேலே இருப்பவர்கள் முடிவெடுக்கும் நேரத்தில் உங்கள் கருத்து எடுபடுவது எப்படி" என்று ஆரம்பித்தாலே நம் ஆட்களில் ஒருவராவது கையைத் தூக்குவார். "காக்கா பிடிக்கச் சொல்றீங்களா அண்ணே?" சிங்கப்பூரில் சாங்கி பிசினஸ் பார்க், ஒன்-நார்த், ஜூரோங் தீவு என எங்கே போனாலும் இதே கேள்விதான். கேட்பவர் பெரும்பாலும் அந்தக் குழுவிலேயே வேலை நன்றாகத் தெரிந்தவராக இருப்பார். ஜால்ரா அடித்து மேலே போன நாலு பேரை அவர் பார்த்திருப்பார். அந்த வழி பிடிக்காததால், பேச வேண்டிய இடத்திலும் பேசாமல் ஒதுங்கிவிடுகிறார். கோளாறு வரப்போகிறது என்று தெரிந்த ஒரே ஆள் இப்படி ஒதுங்கினால் நஷ்டம் அவருக்கு மட்டுமா?

காக்கா பிடிப்பவர் பாஸுக்குப் பிடித்ததைச் சொல்கிறார். பாஸுக்குப் பிடிக்காததை அவர் காதில் ஏறும்படி சொல்வதுதான் இங்கே பாடம்.

காதில் ஏறாததற்கு இந்தத் தொழில்நுட்ப நிபுணர்கள் சொல்லும் காரணங்கள் வேறு. ஆங்கிலம் சரளமாக வரவில்லை, உச்சரிப்பு சரியில்லை, கூச்சம் என்பார்கள். இதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சரளமாகப் பேசுகிறவர்களும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். நிபுணர் தன் மனதில் இருக்கும் கேள்விக்குப் பதில் சொல்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவரின் மனதில் ஓடுவது வேறு கேள்வி.

ஓர் உதாரணம், ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். நிதித்துறையில் டேட்டாபேஸ் பார்க்கும் ஒருவர், பழைய சர்வர்களை மாற்ற பட்ஜெட் கேட்டார். ஸ்லைடுகளில் எல்லாம் இருந்தது: எந்த வெர்ஷனுக்கு எப்போது சப்போர்ட் முடிகிறது, எத்தனை பேட்ச் (மென்பொருள் திருத்தங்கள்) பாக்கி, வேகம் எவ்வளவு குறைந்திருக்கிறது. ஆபரேஷன்ஸ் தலைவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இப்போ ஓடுதுதானே?" என்றார். ஓடத்தான் செய்தது. மீட்டிங் அதோடு முடிந்தது.

அந்தத் தலைவரின் கவலை வேறு. முக்கியமான கணினி அமைப்பு ஒன்று, திட்டமிடாத தடங்கலால் 12 மாதத்தில் மொத்தம் 4 மணி நேரத்துக்கு மேல் முடங்கக் கூடாது என்பது வங்கிகளைக் கண்காணிக்கும் சிங்கப்பூர் நாணய ஆணையம் அவற்றுக்கு வைத்திருக்கும் விதி. பெரிய கோளாறு கண்ணில் பட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும். அந்தத் தொலைபேசி அழைப்பைச் செய்ய வேண்டிய நிலைமை வரக்கூடாதே என்பதுதான் அவர் கவலை. எனவே இரண்டாவது முறை ஸ்லைடுகளை ஓரம் வைத்துவிட்டு ஒரே ஒரு தாள் தயாரித்தோம். இந்த சர்வர் விழுந்தால், கடந்த ஒத்திகையின்படி மீட்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்த 4 மணி நேரத்தில் அது எவ்வளவைத் தின்றுவிடும்? எல்லாவற்றையும் மாற்றினால் என்ன செலவு, மிக மோசமானதை மட்டும் மாற்றினால் என்ன செலவு, ஒன்றும் செய்யாவிட்டால் யார் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்? கடைசி வரியில், எந்தத் தேதிக்குள் எந்த முடிவு தேவை என்று எழுதினோம்.

கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. முதல் பகுதிக்கு மட்டும் அனுமதி வந்தது. தொழில்நுட்பத் தகவலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு எல்லோரும் காட்டுவது அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம். 1986 ஜனவரி 27 இரவு, பூஸ்டர் ராக்கெட் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில், சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றார்கள். குளிரில் ரப்பர் வளையங்கள் விறைத்து, இணைப்பை அடைக்காமல் போகலாம் என்ற பயம். ஏவுதளத்தில் அன்றிரவு உறைநிலைக்குக் கீழே போகும் என்று வானிலை அறிக்கை. அவசரமாக அனுப்பிய 13 தாள்களில், எந்த வெப்பநிலையில் எவ்வளவு சேதம் என்பதை ஒன்றாகக் காட்டும் வரைபடம் இல்லை. வழக்கமாக "பாதுகாப்பானது என்று நிரூபி" என்பார்கள். அன்று "ஆபத்து என்று நிரூபி" என்பதுபோல் பேச்சு திரும்பியது. ஏவ வேண்டாம் என்ற பேச்சிலிருந்து நிறுவனத்தின் நிர்வாகம் பின்வாங்கியது. மறுநாள் காலை, ஏவிய 73 விநாடிகளில் விண்கலம் சிதறி 7 பேர் இறந்தார்கள். இதை வைத்து, பொறியாளர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை என்று பாடம் நடத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்களுக்குக் கிடைத்தது சில மணி நேரம்தான், பொறுப்பு முடிவெடுத்தவர்களுடையது. ஆனால் கேள்வி திரும்பும் அந்த நொடியைக் கண்டுபிடித்து, "பொறுங்கள், நாம் இப்போது வேறு கேள்விக்குப் போய்விட்டோம்" என்று சொல்லப் பழகலாம். இதை வகுப்பில் நடித்துப் பார்க்கச் சொல்வேன். முதலில் யாருக்கும் வாய் வராது.

அப்புறம் நம்மூர் மீட்டிங்குகள். இங்கே பல முடிவுகள் மீட்டிங்குக்கு முன்பே ஆகிவிடுகின்றன. இந்தியாவிலிருந்து புதிதாக வந்த பொறியாளர்களுக்கு இது புரியக் கொஞ்ச காலம் பிடிக்கும். அறையில் பத்துப் பேர் முன்னால் பாஸின் கணக்கு தப்பு என்று காட்டுவார்கள். கணக்கு தப்பாகவே இருக்கும். பாஸ் சிரித்துக்கொண்டே "ஓகே, வி சீ ஹௌ லா" (சரி, பார்க்கலாம்) என்பார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு இவர்கள் காத்திருப்பார்கள், ஒன்றும் நடக்காது. அதே விஷயத்தை முதல் நாள் காப்பிக்கடையில் ஒரு தே தாரிக்கோடு (ஆற்றிய பால் தேநீர்), "இந்த எண்ணை இன்னொரு தடவை பார்க்கலாமா?" என்று கேட்டிருந்தால், மீட்டிங்கில் அந்தத் திருத்தத்தை பாஸே சொல்லியிருப்பார். பெருமை அவருக்குப் போகிறதே என்றால், போகட்டும், வேலை நடந்ததா இல்லையா? (ஒவ்வொரு முறையும் அவருக்கே போனால் அது வேறு பிரச்சினை.)

வீட்டுக்குப் பக்கத்திலேயே நல்ல உதாரணமும் இருக்கிறது. கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்துவதை 1970களிலேயே இங்கே முயன்று, செலவும் நம்பகத்தன்மையும் ஒத்துவராமல் விட்டார்கள். தண்ணீரை வடிகட்டும் சவ்வுத் தொழில்நுட்பம் வளர்ந்த பிறகு 2000-இல் பிடோக்கில் சோதனை ஆலை வந்தது. தண்ணீர் சுத்தம் என்று ஆய்வகம் சொன்னதோடு, தண்ணீர் விநியோகத்தைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் நின்றுவிடவில்லை. உள்நாட்டு, வெளிநாட்டு நிபுணர்கள் கொண்ட குழு முடிவுகளைப் பரிசீலித்தது. சில்லு தயாரிக்கும் ஆலைகளுக்கு மிகத் தூய்மையான தண்ணீர் வேண்டும். அவர்களுக்கு அருவருப்பு ஒரு கேள்வியே இல்லை, எனவே நியூவாட்டர் என்று பெயர் வைத்த இந்தத் தண்ணீரின் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குப் போனது. நீர்த்தேக்கங்களில் கலந்தது சிறிதளவுதான். பொதுமக்களின் கேள்வி "இதைக் குடிக்கலாமா?" என்பது. அதற்கு எந்த வரைபடமும் பதிலாகாது. 2002 தேசிய தின அணிவகுப்பில் பிரதமர் முதல் பார்வையாளர்கள் வரை ஆயிரக்கணக்கானோர் நியூவாட்டர் பாட்டிலைத் திறந்து குடித்தார்கள். அடுத்த ஆண்டு, மக்கள் நேரில் பார்க்க ஒரு காட்சியகமும் திறந்தது. தண்ணீர் ஒன்றுதான், ஆளுக்கேற்ற பதில்கள்.

மேலாளர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. அரசாங்கத்தின் திறன் மேம்பாட்டு அமைப்பான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பட்டியலிட்டுள்ள 16 அடிப்படைத் திறன்களில், நம் கருத்தைப் பிறர் ஏற்கவைக்கும் இந்தத் திறனும் ஒன்று. ஆகவே ஆளை இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைப்பது சுலபம். வகுப்பெடுக்கிறவனே சொல்கிறேன், அது போதாது. உங்கள் நிபுணரை ஃபைனான்ஸ் அல்லது விற்பனைப் பிரிவின் மாதக் கூட்டத்தில் சும்மா உட்கார வையுங்கள். அங்கே எதற்குப் பதறுகிறார்கள், எதைக் கண்டுகொள்வதில்லை என்று அவரே பார்க்கட்டும். முக்கியமான மீட்டிங்குக்கு முன், தொழில்நுட்பம் தெரியாத ஒருவர் எதிரில் ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும்விட, அவர் தயாரித்த ஸ்லைடுகளை வாங்கிக்கொண்டு நீங்கள் போய்ப் பேசாதீர்கள். "அவன் டெக்னிக்கல் ஆள், பேச வராது" என்று சொல்லும் மேலாளர்களில் பலர், அவனைப் பேச விட்டதே இல்லை.

உயிருக்கு ஆபத்தான விஷயத்தில் மட்டும் இந்த நயமெல்லாம் வேண்டாம். துவாஸ் தொழிற்பேட்டையில் இயந்திரத்தின் பாதுகாப்புக் கதவைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறார்கள் என்றால், பாஸின் மனநிலை பார்த்துக் காப்பிக்கு அழைத்துக்கொண்டிருக்க முடியாது. நிறுத்தச் சொல்லுங்கள், கையோடு மெயில் அனுப்புங்கள். எந்த இயந்திரம், என்ன பார்த்தீர்கள், எத்தனை மணிக்கு யாரிடம் சொன்னீர்கள் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். கம்பெனிக்குள் அசையவில்லை என்றால் மனிதவள அமைச்சிடம் தெரிவிக்க வழி இருக்கிறது.