நெஞ்சு படபடப்புக்குப் பின்னால் ஒரு போர்

ஈசிஜி சரி. எக்கோ சரி. தைராய்டும் சரி. ஆனாலும் "நெஞ்சு படபடங்குது, ராத்திரி திடுக்குன்னு முழிப்பு வந்துடுது" என்று மாதாமாதம் ஒருவர் வருகிறார். தூக்க மாத்திரை எழுதி அனுப்பிவிடலாம். இராமநாதபுரம் கடற்கரையில் அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இவர் எதைக் கண்டு மீண்டவர்? 1983-க்குப் பின் இலங்கைப் போருக்குத் தப்பி அலை அலையாகப் படகேறி வந்து மண்டபம் முகாமில் தங்கியவராக இருக்கலாம். 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படையோடு அதே இலங்கை மண்ணில் நின்ற பட்டாளத்துக்காரராக இருக்கலாம். நடுக்கடலில் துப்பாக்கிச் சூட்டுக்குத் தப்பிய மீனவராகவும் இருக்கலாம்.

பேரதிர்ச்சியைக் கண்டு மீண்டவர்களின் மனதில் தங்கிவிடும் நோய் இது; இன்றைய பெயர் பி.டி.எஸ்.டி. படபடப்பை வைத்துத்தான் மருத்துவமும் இதைத் தேடத் தொடங்கியது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் வீரர்கள் முந்நூறு பேருக்கு மேல் பரிசோதித்த மருத்துவர் ஜேக்கப் டகோஸ்டா, 1871-இல் அதை 'எரிச்சலுற்ற இதயம்' என்று எழுதினார். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், களைப்பு எல்லாம் இருந்தும் பலருக்கு இதயத்தில் பழுது தென்படவில்லை. ஓய்வும் டிஜிட்டாலிஸ் என்ற இதய மருந்தும் கொடுத்தார். இன்று ஈசிஜியோடு நின்றுவிடுகிறவர்களும் அதே இடத்தில்தான் நிற்கிறோம்.

முதல் உலகப்போரில் பெயர் மாறியது. 1915-இல் பிரிட்டிஷ் உளவியலாளர் சார்லஸ் மையர்ஸ் 'ஷெல் அதிர்ச்சி' (ஷெல் என்றால் பீரங்கிக் குண்டு) என்ற சொல்லை மருத்துவ இதழில் பதிவு செய்தார். குண்டு வெடிப்பில் மூளை குலுங்கியதே காரணம் என்பது அப்போதைய எண்ணம். குண்டின் அருகிலேயே போகாதவர்களுக்கும் அது வந்தபோது அந்த விளக்கம் உடைந்தது. பிரிட்டிஷ் ராணுவம் இவர்களை இரண்டாகப் பிரித்தது. எதிரியின் குண்டால் நேர்ந்தது என்றால் 'காயம்'. இல்லையென்றால் வெறும் 'நோய்'. காயத்துக்குத்தான் மரியாதை. கோழைத்தனம், படையைவிட்டு ஓடியது போன்ற குற்றங்களுக்காக அந்தப் போரில் தங்கள் ராணுவத்தாலேயே சுட்டுக்கொல்லப்பட்ட 306 பேருக்கு 2006-இல்தான் மன்னிப்பு கிடைத்தது. அவர்களில் எத்தனை பேர் நோயாளிகள் என்று இனி யாரும் சோதிக்க முடியாது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறி கையேடு 1952-இல் இந்தப் பாதிப்புக்கு ஓர் இடம் கொடுத்தது. 1968-இல், வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோதே, எடுத்துவிட்டது. திரும்பி வந்த வீரர்களும் அவர்களுக்காக நின்ற மருத்துவர்களும் போராடிய பிறகு 1980-இல் பி.டி.எஸ்.டி. என்ற பெயரில் மீண்டும் வந்தது. ஆளின் பலவீனம் என்ற பேச்சுப் போய், நடந்த சம்பவம் காரணமானது. 1994 பதிப்பு, சம்பவ நேரத்தில் கடும் பயமோ கையறு நிலையோ திகிலோ இருந்திருக்க வேண்டும் என்றது. பயிற்சி பெற்ற சிப்பாய் பலர் அந்த நிமிடத்தில் பயப்படுவதில்லை. கை தன்பாட்டில் வேலை செய்யும். 2013-இல் அந்த நிபந்தனை நீங்கியது. குற்றவுணர்வும் வெட்கமும் அறிகுறிகளில் சேர்ந்தன. நம் கரைக்கு இதுவே மிக முக்கியமான மாற்றம் என்பேன். "தம்பியை விட்டுட்டு நான் மட்டும் படகேறினேன்" என்று சொல்பவரிடம் பயத்தை மட்டும் தேடினால் நோய் கண்ணில் படாது.

எப்படிக் கேட்பது? "போரில் என்ன நடந்தது?" என்று தொடங்காதீர்கள். தூக்கத்தைப் பற்றிக் கேட்டுத் தொடங்குங்கள். கனவு ஒரே மாதிரி வருகிறதா? வெடிச்சத்தம், ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் உடம்பு என்ன செய்கிறது? எந்த இடத்தை, எந்தப் பேச்சைத் தவிர்க்கிறார்? இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வேலையையும் குடும்பத்தையும் கெடுத்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். இன்னும் கடலுக்குப் போகிற மீனவர் அங்கே விழிப்பாக இருப்பது நோயல்ல, தேவை. வீட்டுத் திண்ணையிலும் அதே விழிப்பு அடங்கவில்லை என்றால்தான் கவனிக்க வேண்டும்.

தவறு பெரும்பாலும் மூன்று இடத்தில் நடக்கிறது. முதலாவது, பதற்றம் தணிக்கும் அல்பிரசோலம் போன்ற மாத்திரை. அது அன்றிரவு தூங்க வைக்கும். நோயைக் குணப்படுத்தாது, பழக்கமாகிவிடும். பல மாதம் போட்டதைத் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம். மருத்துவர் சொல்லும் அளவில் குறைத்துத்தான் விட வேண்டும். சாராயமும் அப்படியே. இரண்டாவது, "கொட்டித் தீர்த்துடு" என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் பேச வைப்பது. சம்பவத்தை எதிர்கொள்ளும் முறையான சிகிச்சை வாரம் ஒன்றாக 8 முதல் 15 அமர்வு, ஒவ்வொன்றும் சுமார் 90 நிமிடம். பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும். மூன்றாவது, மருந்தைப் பாதியில் விடுவது. இந்த நோய்க்குக் கொடுக்கும் செர்ட்ராலைன் வழக்கமாக 25 மி.கி.யில் தொடங்கி ஒரு வாரத்தில் 50 ஆகும். முதல் இரண்டு வாரம் வயிற்றுப் பிரட்டலும் படபடப்பும் கூடலாம். பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். இதை முதல் நாளே சொல்லாவிட்டால் பத்தாம் நாளே மாத்திரை குப்பைக்குப் போகும்.

தர்காவுக்கோ கோயிலுக்கோ போவதைத் தடுக்க வேண்டியதில்லை. மாத்திரையும் கூடப் போகட்டும். கட்டி மட்டும் வைக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா அருகே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட முடியாமல் எரிந்தார்கள்.

அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் காலைவரை காத்திராமல் உடனே அழையுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வெடி எப்போது வெடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தூக்கத்தில் அலறினால் தோளைப் பிடித்து உலுக்காதீர்கள். அவர் கை உங்கள் மேல் பாயலாம். கால்மாட்டில் சற்றுத் தள்ளி நின்று விளக்கைப் போட்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். இப்போது இருப்பது எந்த ஊர், யார் வீடு என்று சொல்லுங்கள்.