‘மந்தணம்’ என்று எழுதியிருந்தால் கேட்கக் கூடாதா?

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஊர் ஏரிக் கரையைப் பலப்படுத்திய வேலையின் அளவுப் புத்தகத்தையும் பில்லையும் கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டார். ஒரு மாதம் கழித்து ஒற்றை வரியில் பதில் வந்தது: “மேற்படி கோப்பு மந்தணமானது என்பதால் தகவல் வழங்க இயலாது.” காகிதத்தை என்னிடம் நீட்டியபோது அவர் கை லேசாக நடுங்கியது. “தம்பி, இதற்கு மேல் கேட்டால் கேஸ் போடுவார்களா?” என்றார்.

மண் கொட்டிய கணக்கைக் கேட்ட மனிதருக்கு இந்தப் பயம் ஏன் வர வேண்டும்? அந்தக் கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. அவரைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோப்பில் ‘மந்தணம்’ (வெளியே சொல்லக் கூடாதது) என்றோ ‘ரகசியம்’ என்றோ முத்திரை விழுந்துவிட்டால் சட்டப்படி என்ன ஆகிறது, என்ன ஆவதில்லை?

பயத்தின் வேர் அலுவல் ரகசியச் சட்டம். 1923இல் வெள்ளைக்காரர் ஆட்சியில் வந்தது. 1889இலேயே முதல் வடிவம் வந்து, கர்சன் காலத்தில் 1904இல் கடுமையாக்கப்பட்டது. இரண்டு பிரிவுகளைத் தெரிந்துகொண்டால் போதும். பிரிவு 3 உளவு பார்ப்பதைப் பற்றியது; ராணுவம் சார்ந்த விஷயமானால் 14 ஆண்டுகள் வரை சிறை. பிரிவு 5 ரகசியத்தை உரிமை இல்லாதவரிடம் கொடுப்பதைப் பற்றியது. மூன்று ஆண்டுகள் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கொடுத்தவர் மட்டுமல்ல, சட்டத்தை மீறித் தரப்படுகிறது என்று தெரிந்தே வாங்கியவரும் இந்தப் பிரிவில் குற்றவாளிதான்.

ஆனால் ‘ரகசியம்’ என்றால் என்ன என்று அந்தச் சட்டம் எங்குமே வரையறுக்கவில்லை. மிக ரகசியம், ரகசியம், மந்தணம் என்று தரம் பிரிப்பதெல்லாம் அரசின் உள்துறைக் கையேடுகளைப் பார்த்து அதிகாரிகள் செய்வது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் அந்தத் தரவரிசை கிடையாது. எல்லையில் படை நிற்கும் இடத்தைக் குறித்த வரைபடத்துக்கும், ஒரு துறை தன் தவற்றை மறைக்க விரும்பும் குறிப்புக்கும் ஒரே முத்திரை விழலாம். நூறாண்டாக நீடிக்கும் இந்தச் சட்டத்தின் ஆகப் பெரிய குறையாக நான் பார்ப்பது இதைத்தான்.

அந்தக் குறை மனிதர்களை என்ன செய்யும் என்பதற்கு இப்திகார் கிலானி சாட்சி. டெல்லியில் பணியாற்றிய காஷ்மீர்ப் பத்திரிகையாளர். 2002 ஜூன் மாதம் அவர் வீட்டில் சோதனை நடந்தது. கணினியில் காஷ்மீரிலுள்ள இந்தியப் படைகள் பற்றிய ஒரு கட்டுரை கிடைத்தது. அது இஸ்லாமாபாத்தில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனம் எப்போதோ வெளியிட்டது. யாரும் எடுத்துப் படிக்கலாம். ராணுவ உளவுப் பிரிவு முதலில் அதை ரகசியத் தகவல் என்றது. ஏழு மாதம் திகார் சிறையில் கிடந்தார். பிறகு அதே ராணுவ உளவுப் பிரிவு, இது பொதுவெளியில் இருப்பதுதான், பாதுகாப்பு மதிப்பு எதுவும் இல்லை என்று கருத்து மாற்றியது. 2003 ஜனவரியில் அரசு வழக்கைத் திரும்பப் பெற்றது. அந்த ஏழு மாதங்களை யாரும் திருப்பித் தரவில்லை.

நம்பி நாராயணனை நமக்கெல்லாம் தெரியும். நாகர்கோவில்காரர், இஸ்ரோ விஞ்ஞானி. ராக்கெட் ரகசியங்களை விற்றார் என்று 1994 நவம்பரில் கேரளக் காவல்துறை கைது செய்தது. அதுவும் அலுவல் ரகசியச் சட்ட வழக்குதான். விற்றதாகச் சொல்லப்பட்ட கிரையோஜெனிக் இன்ஜின் தொழில்நுட்பம் அப்போது இந்தியாவின் கையிலேயே முழுதாக இருக்கவில்லை. வழக்கில் உண்மை இல்லை என்று 1996இல் சிபிஐ அறிக்கை கொடுத்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. இடையில் 24 ஆண்டுகள் ஓடிவிட்டன.

இந்தச் சட்டம் முழுக்கத் தேவையற்றது என்று நான் சொல்லவில்லை. இஸ்லாமாபாத்தில் உள்ள நம் தூதரகத்தில் பணியாற்றிய ஓர் அதிகாரி பாகிஸ்தான் உளவு அமைப்புக்குத் தகவல் கொடுத்ததாக 2010இல் கைதானார். 2018இல் டெல்லி நீதிமன்றம் இதே சட்டத்தில் மூன்றாண்டு தண்டனை விதித்தது. நாட்டைக் காட்டிக் கொடுப்பவரைத் தண்டிக்கத்தான் வேண்டும். அவரையும், ஊழலைக் கண்டு பொறுக்காமல் ஒரு நகலைப் பத்திரிகையாளரிடம் கொடுக்கும் ஊழியரையும் ஒரே கூண்டில் ஏற்றலாமா என்பதில்தான் விவாதம் எழுகிறது.

அந்த விவாதம் நாடு முழுக்கக் கேட்கும்படி நடந்தது 2019இல். 36 ரஃபேல் போர் விமானங்களை வாங்கிய பேரம் பற்றிப் பாதுகாப்பு அமைச்சக அதிகாரிகள் எழுதிய குறிப்புகளை, அந்த ஆண்டு பிப்ரவரியில் சென்னையிலிருந்து வரும் ‘தி இந்து’ வெளியிட்டது, எழுதியவர் என். ராம். யஷ்வந்த் சின்ஹா, அருண் ஷோரி, பிரசாந்த் பூஷண் ஆகியோர் அந்தப் பேரத்தை விசாரிக்க மறுத்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் மீது போட்ட மறுஆய்வு மனுவுக்கு அந்த ஆவணங்களை ஆதாரமாகக் காட்டினார்கள். மார்ச் 6 அன்று அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால் உச்ச நீதிமன்றத்தில் எழுந்து, அவை அமைச்சகத்திலிருந்து திருடப்பட்டவை, அலுவல் ரகசியச் சட்டப்படி குற்றம், நீதிமன்றம் அவற்றைப் பார்க்கவே கூடாது என்றார். இரண்டு நாள் கழித்து, மூல ஆவணங்கள் திருடு போகவில்லை, மனுதாரர்கள் காட்டுபவை நகல்கள் என்று விளக்கம் கொடுத்தார். ஆவணங்கள் பொய் என்று மட்டும் அரசு ஒருபோதும் சொல்லவில்லை.

ஏப்ரல் 10 அன்று மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக அரசின் ஆட்சேபத்தைத் தள்ளினார்கள். ரகசியம் என்று குறித்த ஆவணம் வெளியாவதைத் தடுக்கவோ, அதை நீதிமன்றத்தின் முன் வைப்பதைத் தடுக்கவோ அலுவல் ரகசியச் சட்டம் அரசுக்கு எந்த அதிகாரமும் தரவில்லை என்றார் தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோய். நீதிபதி கே.எம். ஜோசப் தனியாக எழுதிய தீர்ப்பில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(2)ஐ விரிவாக எடுத்துப் பேசினார். விமான பேரத்தில் தவறு நடந்தது என்று இதற்குப் பொருளில்லை. அதே ஆண்டு நவம்பரில் மறுஆய்வு மனுக்கள் தள்ளுபடி ஆயின. ஆவணத்தைப் பார்க்கலாம் என்பது ஒரு தீர்ப்பு, பார்த்த பிறகு குற்றச்சாட்டு நிற்கவில்லை என்பது வேறொரு தீர்ப்பு. இரண்டையும் குழப்பிக்கொண்டு சண்டை போடுபவர்களை இன்றும் பார்க்கிறேன்.

அந்த 8(2)தான் ஆசிரியருக்கும் உதவியது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எந்தத் தகவலை மறுக்கலாம் என்பதைப் பிரிவு 8(1)இல் வரிசையாகச் சொல்கிறது: நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, நீதிமன்றம் தடை செய்த செய்தி, வணிக ரகசியம், விசாரணையைக் கெடுக்கும் தகவல், இப்படிச் சில. ‘மந்தணம்’ என்ற முத்திரை அந்த வரிசையில் இல்லை. எந்த உட்பிரிவில் வருகிறது என்று பொதுத் தகவல் அலுவலர் காட்டியாக வேண்டும். அப்படிக் காட்டினாலும் கதை முடிந்துவிடாது. அலுவல் ரகசியச் சட்டத்தில் என்ன சொல்லியிருந்தாலும், வெளியிடுவதால் வரும் பொது நன்மை அதனால் வரும் கேட்டைவிடப் பெரிதானால் தகவலைத் தரலாம் என்கிறது 8(2). இரண்டு சட்டங்களும் முரண்பட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டமே மேலோங்கும் என்கிறது பிரிவு 22.

ஆசிரியருக்காக நான் எழுதிய முதல் மேல்முறையீட்டில் நான்கு வரிதான் இருந்தது. மறுப்புக்கான உட்பிரிவையும் காரணத்தையும் பிரிவு 7(8) கேட்கிறது, அது பதிலில் இல்லை. ஏரிக் கரை வேலை 8(1)இன் எந்த உட்பிரிவில் வருகிறது? 8(2)இன்படி பொது நன்மை எடைபோடப்பட்டதா? உண்மையிலேயே மறைக்க வேண்டிய பகுதி ஏதும் இருந்தால் பிரிவு 10இன்படி அதை மட்டும் மறைத்துவிட்டு மீதியைத் தரவும். அவ்வளவுதான்.

நாற்பத்தோராம் நாள் பழுப்பு உறை வந்தது. பதினான்கு தாள். ஒரே ஓர் இடத்தில் கறுப்பு மை பூசியிருந்தார்கள். ஒப்பந்ததாரரின் வங்கிக் கணக்கு எண். ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அளவுப் புத்தகத்தின் பக்கங்களை விரலால் தடவிப் படித்தார். புத்தகத்தில் 850 மீட்டர் என்றிருந்தது. கரையில் புது மண் மதகோடு நின்றுவிட்டதை அவர் முன்பே காலடியால் அளந்து வைத்திருந்தார். அது அதில் பாதிகூட வராது. ‘மந்தணம்’ என்ற சொல் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று அப்போது புரிந்தது.

நீங்களும் செய்யலாம். வெள்ளைத் தாளில் மனு, 10 ரூபாய் கட்டணம். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் ஏற்பார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. ஏன் கேட்கிறீர்கள் என்ற காரணத்தை எழுதத் தேவையில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரத்தில். வராவிட்டாலோ மறுத்தாலோ 30 நாளுக்குள் அதே துறையின் மேல் அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு, அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடு. விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

உளவு, பாதுகாப்பு அமைப்புகளுக்குப் பிரிவு 24 விலக்கு அளிக்கிறது. அங்கும் ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய குற்றச்சாட்டானால் விலக்கு பொருந்தாது. நிகழ்ந்து 20 ஆண்டு கடந்த விஷயங்களைப் பொதுவாக மறுக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் நாட்டின் பாதுகாப்பு, சட்டமன்ற உரிமை, அமைச்சரவைக் குறிப்பு ஆகியவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை. 1962 சீனப் போரில் நாம் ஏன் தோற்றோம் என்று ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையைப் பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் கேட்டார். 2010இல் மத்தியத் தகவல் ஆணையம் தர முடியாது என்றது. நான்கு ஆண்டுகள் கழித்து ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் நெவில் மேக்ஸ்வெல் அதன் ஒரு பகுதியை இணையத்தில் போட்டுவிட்டார். சொந்த மக்கள் முறையாகக் கேட்டபோது மறுக்கப்பட்டதை, வெளிநாட்டவர் கசியவிட்டுப் படிக்க நேர்ந்ததில் எனக்கு வருத்தம் உண்டு.

இனி, உள்ளே இருந்து பேச நினைக்கும் ஊழியரின் நிலை. கோப்பின் நகலை நேரே பத்திரிகைக்குக் கொடுத்தால் நடத்தை விதிப்படி ஒழுங்கு நடவடிக்கையும் வரும், பிரிவு 5இல் வழக்கும் வரலாம். வாட்ஸ்அப்பில் அப்படி ஒன்று உங்களுக்கு வந்தால், பரபரப்புக்காக நாலு பேருக்குத் தள்ளிவிடாதீர்கள். ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள். மத்திய அரசு ஊழியர்கள், மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் பற்றிய ஊழல் புகாருக்கு 2004 முதல் ஒரு வழி இருக்கிறது. மூடி முத்திரையிட்ட உறையில், பொதுநல வெளிப்படுத்தல் தீர்மானத்தின் கீழ் அனுப்பப்படும் புகார் என்று மேலே எழுதி, மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் செயலருக்கு அனுப்பலாம். உறையின் மேல் உங்கள் பெயர் கூடாது. உள்ளே கட்டாயம் வேண்டும், மொட்டைக் கடிதத்தை எடுக்க மாட்டார்கள். உங்கள் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது ஆணையத்தின் கடமை. மாநில அரசு ஊழியர்கள் மீதான புகார்களுக்கு இந்த வழி இல்லை.

அந்தத் தீர்மானம் சும்மா வந்ததல்ல. தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி அந்தக் கடிதத்திலேயே கேட்டிருந்தார். கடிதம் அலுவலகம் அலுவலகமாகப் பெயரோடு சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசு காக்க வேண்டிய ரகசியம் ஒன்று உண்டென்றால் அது அவருடைய பெயர்தான்.

2006இல் வீரப்ப மொய்லி தலைமையிலான நிர்வாகச் சீர்திருத்த ஆணையம், அலுவல் ரகசியச் சட்டத்தை நீக்கிவிட்டு, உளவு சார்ந்த குற்றங்களைத் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தது. நமக்கு இந்தச் சட்டத்தைக் கொடுத்த பிரிட்டனே எல்லாத் தகவலையும் வளைத்துப் பிடிக்கும் தன் பழைய பிரிவை 1989இல் மாற்றிக்கொண்டது. இங்கே 1923ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. துபேயைப் போன்றவர்களைக் காக்க வேண்டிய முறைகேடு வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் 2014 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மே மாதம் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். சட்டம் அமலுக்கு வரும் நாளை அரசு அறிவிக்க வேண்டும் என்று அதன் முதல் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. அந்த அறிவிப்பு இன்னும் வரவில்லை.