ஃபைபர் பரிசல் மூழ்கும்: அணையில் வலை போடுகிறவர்கள் வாங்கும்முன் பார்க்க வேண்டியவை

மேட்டூர், பவானிசாகர் அணைகளில் வலை போடும் பலரும் புதுப் பரிசல் என்றால் இப்போது ஃபைபரைத்தான் விசாரிக்கிறார்கள். தார் காய்ச்சும் வேலை இல்லை, மூங்கில் உளுக்கிற கவலை இல்லை. "ஃபைபர் வாங்கிப்போட்டா அப்புறம் பார்க்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்று விற்பவர்கள் சொல்வதுதான் ஆபத்து. பழைய பரிசல் கெட்டுப்போனால் அது கண்ணுக்கும் மூக்குக்கும் தெரிந்துவிடும். ஃபைபர் உள்ளுக்குள்ளேயே கெட்டு, ஒருநாள் நடுத்தண்ணீரில்தான் தெரியவரும்.

1520 வாக்கில் விஜயநகரம் வந்த போர்ச்சுக்கீசியர் டொமிங்கோ பயஸ், கூடை போல் வட்டமாகப் பின்னி வெளியே தோல் போர்த்திய படகுகளைத் துங்கபத்திரையில் பார்த்து எழுதியிருக்கிறார். காவிரிப் பரிசலும் அதே கட்டுமானம்தான். தோல் தண்ணீரில் ஊறினால் இளகும், ஊறியபடியே கிடந்தால் அழுகும். அதனால் வேலை முடிந்ததும் கரையேற்றிக் கவிழ்த்துக் காயவைத்தே ஆக வேண்டும். அப்படிக் கவிழ்க்கும்போது தையல் விட்டிருந்தாலும் மூங்கில் முறிந்திருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். தோல் பரிசல் நீடித்ததற்குத் தோலைவிட இந்தக் கட்டாயம்தான் பெரிய காரணம்.

அடுத்து வந்தது தாரும் பிளாஸ்டிக் சாக்கும். கூடை அதே கூடைதான், போர்வை மட்டும் மாறியது. இதில் கூடைதான் ஆயுளைத் தீர்மானிக்கிறது. மூன்று வயது தாண்டிய மூங்கிலாக இருக்க வேண்டும். இளமூங்கிலில் மாவுச்சத்து அதிகம், வண்டு அதைத் தேடித்தான் வருகிறது. பரிசலைத் தரையில் தட்டும்போது மாவு மாதிரி மஞ்சள் நிறத் தூள் உதிர்ந்தால் உளு ஏறிவிட்டது என்று அர்த்தம். பிளாச்சின் (பிளந்த மூங்கில் துண்டின்) பச்சைப் பட்டை வெளிப்பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அடியிலிருந்து விளிம்புக்கு வளையும் இடத்தில் இழுவிசை முழுவதும் வெளிப்பக்கம்தான் விழும். பட்டைதான் அதைத் தாங்கும், உள்சோறு தாங்காது. கணு சரியாக வளைவின் மேல் வந்தால் அந்த இடத்தில்தான் முதலில் முறியும்.

தார் பூசுவதில் நடக்கும் பெரிய தவறு சூடு. உரச்சாக்கு வகை பிளாஸ்டிக்கில் ஒரு ரகம் 130 டிகிரியிலும் இன்னொன்று 160 டிகிரியிலும் உருகும். புகை கக்கும் தாரை அப்படியே ஊற்றினால் சாக்கின் இழை சுருங்கி ஊசித்துளைகள் விழும். தார் மேலே மூடிக்கொள்வதால் அன்றைக்குத் தெரியாது, ஒரு மாதம் கழித்து ஒழுகும். அகப்பையில் எடுத்தால் கயிறு போல் நீளமாக வழியும் பதம் வரை ஆறவிட்டுப் பூசுங்கள். இளக்குவதற்கு மண்ணெண்ணெய் கலக்கவே கூடாது. தார் அதில் கரைந்து பிடிமானம் போய்விடும், அடுப்புப் பக்கத்தில் தீ அபாயமும் உண்டு. சித்திரை வெயிலில் கவிழ்த்துப் போட்ட பரிசலில் தார் இளகிக் கீழே இறங்கிவிடும். அதனால் அடிப்பாகம் மெலிந்துவிட்டதா என்று கோடை முடிந்ததும் விரலால் தடவிப் பாருங்கள்.

இனி ஃபைபர். 7 அடி விட்டமுள்ள மீன்பிடிப் பரிசலுக்கு அடியும் பக்கமும் சேர்ந்து ஏறக்குறைய 6 சதுர மீட்டர் பரப்பு வரும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் (கண்ணாடி இழை விரிப்பு) 4 அடுக்கு போட்டால் மேட் மட்டும் 11 கிலோ. மேட் எடையைப் போல இரண்டரை மடங்கு ரெசின் (இழையை நனைத்து இறுகும் பிசின்) தேவை, அது 27 கிலோ. வெளிப்பூச்சான ஜெல் கோட் 4 கிலோ. மொத்தம் 42 கிலோ. ஒவ்வொரு அடுக்கும் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் கனம் தரும் என்பதால் சுவர் 4 மில்லிமீட்டர் இருக்கும். இதே அளவுப் பரிசல் தராசில் 28 கிலோ காட்டினால் அடுக்கு குறைகிறது. கனமும் எடையும் சரியாக இருந்தும் விலை மட்டும் மிகக் குறைவாக இருந்தால், ரெசினில் சுண்ணத்தூள் கலந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. விளிம்பை வெட்டும்போது விழும் ரூபாய் நாணய அளவுத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, திறந்தவெளியில், புகை முகத்தில் படாமல் தீயில் பிடியுங்கள். ரெசின் எரிந்து தீர்ந்ததும் கண்ணாடி இழை மட்டும் மிஞ்சும். ஊசியால் பிரித்து அடுக்கை எண்ணலாம். நல்ல சரக்கில் இழை வலைபோல் கோத்து நிற்கும். சுண்ணம் கலந்ததில் வெள்ளைத் தூள் கொட்டி, நடுவே நாலு இழை கிடக்கும். துண்டு தர மறுக்கும் இடத்தில் வாங்காதீர்கள்.

ரெசின் இறுகுவதும் நம்மூர் வெயிலோடு சேர்ந்த விஷயம். ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னர் 1 கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி வரை. பங்குனி, சித்திரையில் விடியற்காலையில் 10 மில்லியோடு வேலையை முடிப்பதே நல்லது. மதிய வெயிலில் போட்டால் ரோலர் ஓட்டிக் காற்றை வெளியேற்றுவதற்குள் கெட்டியாகிவிடும். சிக்கிய காற்று பிறகு அடுக்குப் பிரிவாக மாறும். சொந்தமாகப் பழுது பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஹார்ட்னரையும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அதற்குப் பிறகே ஹார்ட்னர் விட வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி மாட்டாமல் தொட வேண்டாம், ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

கடல் படகைவிட அணைப் பரிசலில் கொப்புளம் சீக்கிரம் வரும். நன்னீர், உப்பு நீரைவிட எளிதாக ஜெல் கோட்டுக்குள் ஊடுருவும். உள்ளே இறுகாமல் தங்கிய ரசாயனம் அதை மேலும் இழுத்துப் பிடிக்கும். கொப்புளத்தைக் குத்தினால் புளித்த காடி வாடையுடன் நீர் வரும். அதன்மேல் பெயின்ட் அடித்து மறைப்பது வீண்வேலை. திறந்து, தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, வாரக்கணக்கில் காயவிட்டு எபாக்ஸியால் அடைக்க வேண்டும். ஓட்டை அடைக்கும்போது பழைய பரப்பின் பளபளப்பு போகும்வரை 40 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, விளிம்பைக் கனத்தைப் போல 12 மடங்கு தூரத்துக்குச் சரிவாக்குங்கள். 4 மில்லிமீட்டர் சுவருக்கு இது ஏறக்குறைய 5 சென்டிமீட்டர். சரிவில்லாமல் மேலே ஒட்டிய துண்டு, அடுத்த பாறையில் மொத்தமாகப் பெயர்ந்து வரும்.

பாறை என்பது பேச்சுக்குச் சொன்னதல்ல. நீர்மட்டம் இறங்கும்போது மேட்டூரில் பண்ணவாடிப் பக்கம் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும், பவானிசாகரில் டணாய்க்கன் கோட்டைக் கோயிலும் வெளியே தலைகாட்டும். அவை முழுதாகத் தெரிவதற்கு முந்தைய வாரங்களில், ஓரடித் தண்ணீருக்குள் மறைந்திருக்கும் கல்தான் பரிசலைக் கிழிக்கும். உள்ளே கைவிளக்கு அடித்து வெளியிலிருந்து அடியைப் பார்த்தால், அடுக்கு பிரிந்த இடம் சுற்றுப்புறத்திலிருந்து வேறுபட்ட திட்டாகத் தெரியும். பெயின்ட் கனமாக அடித்திருந்தால் நாணயத்தால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் சரி, மந்தமாகக் கேட்டால் பிரிந்திருக்கிறது.

பழைய மூங்கில் கூடைமேல் ஒரே அடுக்கு மேட் ஒட்டி ஃபைபர் என்று விற்பதை மட்டும் வாங்கவே வேண்டாம். ஈரமூங்கிலில் ரெசின் பிடிக்காது. மூடிய உறைக்குள் மூங்கில் அழுகுவது யாருக்கும் தெரியாது. மூன்று காலத்துக் கட்டுமானங்களிலும் இதைவிட மோசமானது எங்கள் பார்வையில் இல்லை.

கடைசியாக, மூழ்குவது. காய்ந்த மூங்கில் தண்ணீரைவிட லேசு. தார்ப் பரிசலில் தண்ணீர் நிரம்பினாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மிதக்கலாம். ஃபைபரோ தண்ணீரைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். கவிழ்ந்து நிரம்பினால் கல் மாதிரி இறங்கிவிடும். 42 கிலோ ஓடு, தண்ணீருக்குள் 13, 14 கிலோ பாரமாகக் கீழே இழுக்கும். 20 லிட்டர் கேன் இரண்டைக் காற்றுப் புகாமல் மூடி, எதிரெதிர்ப் பக்கத்தில் விளிம்புக்குக் கீழே கட்டினால் 40 கிலோ வரை தூக்கும். ஓட்டின் பாரம் போக 26 கிலோ மிச்சம். லைஃப் ஜாக்கெட் போட்ட இரண்டு பேர் கழுத்தளவுத் தண்ணீரில் விளிம்பைப் பிடித்துத் தொங்க அது போதும். ஒரே பக்கம் கட்டினால் பரிசல் செங்குத்தாக நின்று பிடி கிடைக்காது. கேனை விளிம்புக் கயிற்றோடு மட்டும் கட்டாமல், ஓட்டில் பதித்த வளையத்தோடு கட்டுங்கள். இடுப்பளவுத் தண்ணீரில் பரிசலை வேண்டுமென்றே நிரப்பி, இரண்டு பேர் பிடித்துப் பார்த்து, அது நின்ற பிறகே வலையை ஏற்றுங்கள். கேன் மூடிகளை மாதம் ஒருமுறை திறந்து, உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.