மோடம் தானாக டயல் செய்தும் முதல் பக்கம் ஏன் வருவதில்லை?

லினக்ஸ் கணினியில் உலாவியைத் திறந்து ஒரு தள முகவரியைத் தட்டுகிறீர்கள். மோடம் தானாகவே டயல் செய்கிறது. ஆனால் லைன் கிடைப்பதற்குள், தளத்தைக் காணோம் என்று உலாவி கைவிரித்துவிடுகிறது. மறுபடி தட்டினால் பக்கம் வந்துவிடுகிறது. மோடம் சரி, கடவுச்சொல்லும் சரி. அப்புறம் முதல் தடவை மட்டும் ஏன் தகராறு?

மோடம் வழியே இணையத்தோடு இணைக்கும் பிபிபிடி (pppd) நிரலை ‘டிமாண்ட்’ (தேவைப்படும்போது டயல் செய்) விருப்பத்தோடு ஓடவிட்டால், லைன் இணையும் முன்பே பிபிபி0 என்ற இடைமுகத்தை (வலையோடு பேசும் வாசலை) அது உருவாக்கிவிடும். எதிர்முனை என்ன ஐபி முகவரி தரும் என்று அப்போது தெரியாது. நாமும் எதுவும் குறிப்பிடாவிட்டால், தனக்கு 10.64.64.64, எதிர்முனைக்கு 10.112.112.112 என்று ஒப்புக்கு வைத்துக்கொள்ளும். லினக்ஸின் மையமான கர்னலைப் பொறுத்தவரை பாதை தயார். முதல் பாக்கெட் (தரவுத் துண்டு) வந்ததும் பிபிபிடி அதை நிறுத்தி வைத்துவிட்டு டயல் செய்கிறது. லைன் கிடைத்தபின் தேங்கியதை அனுப்புகிறது. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது. எந்த நிரலுக்கும் மோடம் என்று ஒன்று இருப்பதே தெரிய வேண்டியதில்லை.

சிக்கல் வருவதும் இங்கேதான். தளப் பெயருக்கு ஐபி முகவரி கேட்கும் டிஎன்எஸ் கேள்விக்கு லினக்ஸ் வழக்கமாக 5 விநாடி காத்திருக்கும், 2 முறை முயலும். மோடம்கள் ஒன்றையொன்று புரிந்துகொண்டு, கடவுச்சொல் சரிபார்த்து முடிக்க அரை நிமிடம் ஆகலாம். விடை வருமுன்பே கேட்டவர் போய்விடுகிறார். ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் இது பெரும்பாலும் தீரும்.

டிஎன்எஸ் தப்பித்தாலும் முகவரி இடறும். இணைப்பைத் தொடங்கிய நிரல் 10.64.64.64 என்ற முகவரியோடு கட்டுண்டிருக்கும். லைன் வந்ததும் இடைமுகத்தின் முகவரியோ மாறிவிட்டது. பழைய முகவரிக்குப் பதில் எப்படி வரும்? இதற்கென்றே கர்னலில் ‘ஐபி டைன்அட்ர்’ (ip_dynaddr) என்ற அமைப்பு இருக்கிறது. அதில் 1 என்று எழுதினால், இன்னும் கைகுலுக்கி முடிக்காத (எதிர்முனை இன்னும் ஒப்புக்கொள்ளாத) டிசிபி இணைப்புகளின் மூல முகவரியை, மறுமுறை அனுப்பும்போது கர்னலே புதிதாக்கிவிடும்.

மோடம் அசையவே இல்லையா? பாக்கெட் எந்த வழியே போக வேண்டும் என்று சொல்லும் ரூட்டிங் அட்டவணையைப் பாருங்கள். ஈதர்நெட் கார்டுக்கு ஏற்கெனவே ஒரு இயல்புப் பாதை இருந்தால், பிபிபிடி வழக்கமாக அதை மாற்றாது. பாக்கெட்டுகள் அந்தப் பக்கமே போய்விடும், பிபிபி0 வரை எதுவும் வராது. லாக் கோப்பில் இதைப் பற்றி ஒரு வரி கிடக்கும்.

இதற்கு நேர்மாறானது, யாரும் தொடாதபோது டயல் ஆவது. போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை பிபிபி0 மீது ஓடவிட்டுக் காத்திருங்கள். கடிகாரத்தைச் சரிபார்க்கும் என்டிபி, பெயர் தேடும் சம்பா, நிலுவை அஞ்சலைக் கிளறும் அஞ்சல் நிரல் என்று யாராவது ஒருவர் சிக்குவார். அந்த நிரலை நிறுத்த மனமில்லை என்றால் பிபிபிடியின் ‘ஆக்டிவ் ஃபில்டர்’ கைகொடுக்கும். அதில் விலக்கிய பாக்கெட் லைனை எழுப்பாது. லைன் சும்மா இருக்கும் நேரத்தை எண்ணும் ‘ஐடில்’ கணக்கையும் கலைக்காது, லைன் நேரத்துக்குத் துண்டிக்கப்படும்.