‘எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி’ என்று சொல்லும் முன்

பொங்கல் முடிந்த வாரம் ஒரு அம்மா அழைத்தார். நான்கு வயதில் இரட்டையர், கணவன் மனைவி இருவருக்கும் வேலை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள, வெளிநாட்டிலிருந்து வந்து வீட்டோடு தங்கியிருக்கும் ‘ஓ பேர்’ ஒருவர் உண்டு. “அக்கா, எங்க ஓ பேர் தங்கமான பொண்ணு. அவ மட்டும் இல்லேன்னா இந்த வருஷம் நான் வேலையை விட்டிருப்பேன். அவ பிறந்தநாளுக்குப் பெருசா ஏதாவது செய்யணும். ஐபேட் வாங்கித் தரலாமா?”

“வாங்கிக் கொடுங்கள், சந்தோஷப்படுவார். அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் முழுதாக அவருக்கு விடுப்பாக இருந்தது கடைசியாக எப்போது?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “நவராத்திரிக்கு முன்னாடி” என்றார். அந்த அம்மா நல்லவர், அந்தப் பெண் மீது உண்மையான பாசம் உள்ளவர். நான் இதை எழுதுவது அவரைப் போன்றவர்களுக்காகத்தான்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒன்பது ஆண்டுகளாக ஓ பேர் திட்டத்தின் உள்ளூர் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்து குடும்பத்தோடு தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண்களையும், அவர்களை ஏற்கும் குடும்பங்களையும் மாதம் ஒரு முறையாவது தொடர்புகொண்டு பேசுவது என் வேலை. என் பகுதிக்குப் பெரும்பாலும் பிரேசில், கொலம்பியா, தாய்லாந்து பெண்கள் வருகிறார்கள். ஏற்கும் குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. (பெற்றோர் அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வைத்திருந்தால்தான் இந்தத் திட்டத்தில் சேர முடியும். எச்1பி வேலை விசாவில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்பதால் இதைச் சொல்லிவிடுகிறேன்.)

‘ஓ பேர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் சமமான நிலையில் என்று பொருள். ஐரோப்பாவில் இதற்கென்றே 1969இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓர் ஒப்பந்தம் உருவானது. அமெரிக்காவில் இது 1986இல் தொடங்கியது, ஜே1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் நடக்கிறது. 18 முதல் 26 வயது வரை உள்ளவர்கள் வரலாம். ஒரு நாளில் 10 மணி நேரம், ஒரு வாரத்தில் 45 மணி நேரம், அதற்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு, மாதத்தில் ஒரு வார இறுதி முழுதாக விடுப்பு, ஆண்டில் இரண்டு வாரம் பணத்தோடு விடுமுறை, படிப்புச் செலவுக்கு 500 டாலர் வரை, தனி அறை. இவையெல்லாம் விதியிலேயே இருக்கின்றன.

உதவித்தொகை வாரத்துக்குக் குறைந்தது 195.75 டாலர். இந்தக் கணக்கு பலருக்குத் தெரியாது. கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர், அதை 45ஆல் பெருக்கினால் 326.25. அதில் 40 விழுக்காட்டைச் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் கழித்துவிட்ட பிறகு மிஞ்சுவதுதான் அந்தத் தொகை. அதாவது நீங்கள் போடும் சோற்றுக்கும் கொடுக்கும் அறைக்கும் அவர் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டார். அதனால்தான் “சாப்பாடு, ரூம் எல்லாம் நாமதானே தர்றோம்” என்று யாராவது சொல்லும்போது எனக்கு மனம் கேட்பதில்லை. இது மிகக் குறைந்த தொகை என்பது என் கருத்து. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வீட்டுப் பணியாளர் சட்டமும் அதன் குறைந்தபட்ச ஊதியமும் இவர்களுக்கும் பொருந்தும் என்று 2019 டிசம்பரில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முடிந்தவர்கள் கூடுதலாகக் கொடுங்கள், தடை எதுவும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வேலையில் சுணங்குகிற பெண்ணை யாரும் சுரண்டிவிட முடியாது. அவரிடம் இரண்டாவது வேலையைச் சொல்லவே குடும்பம் தயங்கும். மாட்டிக்கொள்வது நல்ல பெண்தான். குழந்தையின் துணியை மடித்து வைக்கிறார், அழகாக மடிக்கிறார். அடுத்த வாரம் கூடையில் அப்பாவின் சட்டையும் கிடக்கிறது. யாரும் திட்டமிட்டுப் போடவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் பாத்திரங்கழுவியைக் காலி செய்வது, நண்பர்கள் வரும் இரவில் அவர்கள் குழந்தைகளையும் சேர்த்துப் பார்ப்பது. ஒவ்வொன்றும் பத்து நிமிட வேலைதான். விதிப்படி அவருக்கு உரியது குழந்தை சம்பந்தப்பட்ட வேலை மட்டுமே. குழந்தை தூங்கும் நேரத்தில் பெற்றோர் வெளியே போயிருந்தால் அதுவும் வேலை நேரக் கணக்கில் வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் பிரேசிலிலிருந்து வந்த ஒரு பெண், பிப்ரவரி குளிரில் என்னை ஊர் நூலகத்துக்கு வரச் சொன்னார். கோட்டைக்கூடக் கழற்றாமல் அழுதார். அந்தக் குடும்பத்தினர் என்னிடம் மாதாமாதம் அவரைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அவரும் நான் கேட்டபோதெல்லாம் நன்றாக இருப்பதாகவே செய்தி அனுப்பினார். இரண்டு மாதம் அந்தச் செய்தியை நம்பி நேரில் போகாமல் இருந்தது என் தவறு. அவர் ரீமேட்ச், அதாவது குடும்பத்தை மாற்றித் தரும்படி கேட்டார், வேறு குடும்பத்துக்குப் போய்விட்டார். “ஒரு நாள்கூட அவ முகம் சுளிச்சதில்லையே” என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மைதான், சுளித்ததில்லை. உங்கள் வீட்டில் தங்கி, உங்கள் காரை ஓட்டி, உங்கள் மேசையில் சாப்பிடுகிற இருபது வயதுப் பெண்ணுக்கு முகம் சுளிப்பது அவ்வளவு எளிதில்லை.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சோறு போட்ட அம்மாவுக்கு நாம் நன்றி சொல்வதில்லை. சொன்னால் அவரே, “என்னடா, வெளியாள்கிட்ட பேசுற மாதிரி பேசுற?” என்பார். வாயால் சொன்னால் அன்பு குறைந்துவிடும் என்று வளர்ந்தவர்கள் நாம். எனவே “எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி” என்று ஒருவரை மனதாரச் சொல்லும்போது இரண்டு விஷயங்கள் சத்தமில்லாமல் காணாமல் போகின்றன: அவருக்குச் சொல்ல வேண்டிய நன்றி, அவரிடம் வாங்கும் வேலைக்கான வரம்பு. நாம் காட்டும் உரிமை அந்தப் பெண்ணுக்குப் புரியாது. மூன்று மாதமாக இந்த வீட்டில் யாரும் தேங்க்ஸ் சொல்லவில்லை என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

அதனால் வாய்விட்டுச் சொல்லுங்கள், குறிப்பாகச் சொல்லுங்கள். “நீ ரொம்ப நல்லவ” என்பதில் அவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. “நேத்து அவன் தரையில் புரண்டு அழுதப்ப நீ குரலை உயர்த்தாம பக்கத்துல உட்கார்ந்திருந்தியே, நான் பார்த்தேன்” என்றால், தான் செய்வது வேலை என்று ஒருவர் கவனித்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். மாலை ஆறு மணிக்கு வேலை முடியும் என்றால் ஆறு மணிக்குக் குழந்தையைக் கையில் வாங்குங்கள். காதில் அலுவலகத் தொலைபேசிப் பேச்சு ஓட, ஒரு விரலை உயர்த்திக் காட்டிவிட்டு மாடியேறிப் போகும் அப்பாக்களை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். இடுப்பில் குழந்தையோடு படிக்கட்டில் நின்ற அந்தப் பெண்ணின் முகத்தையும் பார்த்தேன்.

ஊரிலிருந்து தாத்தா பாட்டி வரும் ஆறு மாதங்கள் தனிக் கதை. குழந்தை ‘அக்கா’ என்று கூப்பிடும் பெண், குழந்தையைப் பார்த்துப் பாட்டியை ‘பாட்டி’ என்றே கூப்பிடக் கற்றுக்கொள்வார். பாட்டிக்கு அவரை மிகவும் பிடித்துவிடும், வெண்டைக்காயை நறுக்கிக் கொடு என்று கையில் கத்தியும் கொடுத்துவிடுவார். பாட்டியைக் குறை சொல்ல முடியாது, வீட்டில் இருக்கும் பெண் கூடமாட செய்வது அவருக்கு இயல்பு. பாட்டி ஊரிலிருந்து வருவதற்கு முன்பே அவரிடம் தொலைபேசியில் இந்த ஏற்பாட்டைச் சொல்ல வேண்டியது மகனோ மகளோதான். டிவி எவ்வளவு நேரம், சாக்லேட் உண்டா என்பதிலும் யார் பேச்சைக் குழந்தை கேட்க வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பெண் இரண்டு எஜமானிகளுக்கு நடுவில் நிற்பார்.

சாப்பாட்டையும் மறக்க வேண்டாம். அசைவம் சமைக்காத வீடு என்றால் தேர்வுக்கான வீடியோ பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். ஃப்ரிட்ஜில் ஓர் அடுக்கை அவருக்கு என்று ஒதுக்குங்கள். தினமும் சாம்பார் சாப்பிடுவார், சில நாள் அவர் ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்குவார். குடும்பத்தோடு சுற்றுலா அழைத்துப் போவது நல்லதுதான். ஆனால் ஆர்லாண்டோவில் நாள் முழுக்கக் குழந்தை வண்டியைத் தள்ளியது அவருடைய விடுமுறையாகாது.

கடைசியாக, விடைபெறும் நாள். “பாப்பா தூங்கும்போது கிளம்பிடட்டும், அழுவா” என்று எத்தனையோ பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். நான் எப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அப்படி நடந்த ஒரு வீட்டில் மூன்று வயதுப் பையன் தினமும் காலையில் எழுந்ததும் அந்த அறைக் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான், வாரக்கணக்காக. புதிதாக வந்த பெண்ணிடம் ஒட்டவும் இல்லை. இரண்டு வாரம் முன்பே சொல்லுங்கள். நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாகக் குழந்தையே அடிக்கட்டும், பெட்டி கட்டும்போது உடன் இருக்கட்டும், அழட்டும். போன பிறகு எந்த நாள் வீடியோவில் பேசலாம் என்பதையும் அவர் இருக்கும்போதே குழந்தையிடம் சொல்லி வையுங்கள்.

ஊருக்குத் திரும்புகிறவர்களில் பலர் ஆசிரியர் பயிற்சிக்கோ வேறு வேலைக்கோ விண்ணப்பிப்பார்கள். அவருக்கான பரிந்துரைக் கடிதத்தை விமான நிலையத்துக்குக் கிளம்பும் காலையில் அவசரமாக எழுதிக் கொடுக்காதீர்கள். ஒரு மாதம் முன்பே உட்கார்ந்து, உங்கள் குழந்தை அவரிடம் கற்றுக்கொண்டவற்றை ஒவ்வொன்றாக எழுதுங்கள். எழுதி முடித்ததும் அவரை உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள்.