மாங்காய்க் கணக்கும் இரண்டு வினாடி நினைவும்

ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "தரம் 4 பொடியன். 12 – 7 என்று எழுதிக் கொடுத்தால் உடனே செய்வான். 'கண்ணனிடம் 12 மாங்காய் இருந்தன. தங்கைக்குக் கொடுத்ததுபோக 7 மிஞ்சின. கொடுத்தது எத்தனை?' என்றால் 19 என்று எழுதுகிறான். காது சோதித்தாயிற்று, பிழையில்லை. விளையாட்டில் கெட்டிக்காரன். இவனுக்கு என்ன?"

நேரில் பார்க்காமல் யாருக்கும் பெயர் சூட்ட முடியாது. ஆனாலும் இது வளர்ச்சிசார் மொழிக் குறைபாடாக இருக்கலாம் என்று நினைக்க இடமுண்டு. காது கேளாமை, மூளைக் காயம், ஆட்டிசம் போன்ற காரணம் எதுவும் இல்லாமலே, படிப்பைப் பாதிக்கும் அளவுக்கு மொழி பிடிபடாமல் போவதற்கு இந்தப் பெயர். இங்கிலாந்து உளவியலாளர் டொரதி பிஷப் தலைமையில் வல்லுநர்கள் கூடிப் பேசி 2017இல் இந்தப் பெயரை உறுதிப்படுத்தினார்கள். இங்கிலாந்தில் 2016இல் வெளியான ஆய்வில் ஏறக்குறைய 7% பிள்ளைகளுக்கு இது இருந்தது. 30 பேர் வகுப்பில் இரண்டு பேர்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்றைச் சொல்கிறேன். பிள்ளையிடம் "லேமு" என்று சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு "நாடுமிகை". பிறகு "பெலுகாடினோமை". எதற்கும் அர்த்தம் கிடையாது, அதுதான் விசயம். தெரிந்த சொல்லென்றால் பழைய நினைவு கைகொடுக்கும். தெரியாத ஒலியை வெறுமனே ஒலியாகவே பிடித்து வைத்திருக்க வேண்டும். மனத்தில் அதற்கொரு சிறிய இடம் உண்டு. வெயில் சுடும் சிமெந்துத் தரையில் தண்ணீரால் எழுதிய எழுத்துப்போல, திரும்பத் திரும்ப எழுதாவிட்டால் இரண்டு வினாடி அளவில் அங்கே ஒலி மங்கிவிடும். மொழிக் குறைபாடுள்ள பிள்ளைகளில் பலர் "லேமு"வைச் சரியாகச் சொல்வார்கள், நீண்ட சொல்லில்தான் உடைவார்கள். கேதர்கோல், பாட்லி என்ற உளவியலாளர்கள் 1990இல் இதைக் காட்டினார்கள்.

இதில் அழகு என்னவென்றால், ஒரு குழந்தைக்கு உலகத்தின் எல்லாச் சொல்லும் முதல் தடவை கேட்கும்போது "பெலுகாடினோமை"தான். "நீர்ப்பாசனம்" என்ற சொல்லைப் பாடத்தில் முதன்முதலாகக் கேட்கிற பிள்ளை, அதன் ஒலி மங்குமுன் அர்த்தத்தோடு முடிச்சுப்போட வேண்டும். மற்றப் பிள்ளைக்குச் சில தடவை போதும், இவனுக்குப் பல தடவை வேண்டும். ஆசிரியர் அதற்குள் அடுத்த பக்கம் போய்விடுவார்.

மாங்காய்க் கணக்கைப் பாருங்கள். கழித்தல் முழுவதும் "போக" என்ற குட்டித் துண்டில் இருக்கிறது. அது "கொடுத்தது" என்பதோடு ஒட்டிக்கொண்டு, அழுத்தமே இல்லாமல் கடந்து போகிறது. அவன் மனத்தில் 12, 7, மாங்காய் மட்டும் மிஞ்சினால் கூட்டாமல் வேறென்ன செய்வான்? சொல்லோடு சொல் ஒட்டும் தமிழில் இந்தப் பிள்ளைகள் எங்கே தடுக்குவார்கள் என்பது ஆங்கில ஆய்வுகளைப் படித்து மட்டும் தெரியவராது என்பது என் எண்ணம்.

அர்த்தமில்லாச் சொல்லைத் திருப்பிச் சொல்லும் அந்தச் சோதனை மட்டும் முடிவு சொல்லாது, வழி காட்டும். அதற்கான ஆங்கிலச் சொற்பட்டியலைத் தமிழ் எழுத்தில் எழுதியும் பயனில்லை. வன்னிப் பிள்ளைகள் பேசுகிற தமிழில் பட்டியல் தயாரித்து, எந்த வயதில் எது இயல்பு என்று அளக்க வேண்டும். இதற்கு ஸ்கேனர் வேண்டாம், ஒலிப்பதிவுக் கருவியும் சில ஆய்வாளர்களுக்குச் சம்பளமும் போதும். இப்படிப்பட்ட வேலைக்குப் பணம் ஒதுக்காமல் கட்டடத்துக்கு மேல் கட்டடம் கட்டுவது எனக்குக் கவலை தருகிறது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதற்குக் காரணம் சண்டைக் காலப் பயம் என்கிறார்கள் சிலர், ஆனால் இன்றைய தரம் 4 பிள்ளை 2009 முடிந்து பல வருடங்களுக்குப் பின் பிறந்தது. தாய் கதைக்காமல் விட்டாள், இரண்டு மொழி குழப்பிவிட்டது என்பதும் பிழை. பெரும்பங்கு மரபணுவில் இருக்கிறது, அதுவும் ஒரு மரபணு அல்ல, பல. நாக்கில் வசம்பு தேய்ப்பதால் எதுவும் ஆகாது, சிக்கல் நாக்கில் இல்லை. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வையுங்கள், அது உங்கள் நம்பிக்கை. அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். "தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்" என்று காத்திருப்பதும் ஆபத்து, ஏனென்றால் பலருக்கு இது பெரியவர்களான பிறகும் கூடவே வரும்.

வகுப்பில் செய்யக்கூடியது உண்டு. வசனத்தை இரண்டாக உடையுங்கள். மாங்காயைக் கையில் கொடுத்து, எடுக்க விடுங்கள். ஒரு புதுச்சொல்லை அந்தக் கிழமை முழுக்க வெவ்வேறு இடத்தில் சொல்லுங்கள். பதிலுக்குக் கொஞ்சம் காத்திருங்கள். தாய் தகப்பனிடம், வைத்தியசாலையில் பேச்சுச் சிகிச்சையாளர் எந்த நாளில் இருப்பார் என்று முதலில் விசாரித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். முத்தையன்கட்டிலிருந்து பஸ் பிடித்து வருகிறவருக்கு ஒரு வீண் பயணம் என்பது ஒரு நாள் கூலி.